வாடகைக் கட்டடம் வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

கோட்டாற்றில் கொள்முதல் செய்யும் மளிகை வியாபாரி ஒருவர் ஒரு மூடை மிளகாய் வற்றலுக்கு விலை வைக்கும்போது என்னவெல்லாம் பார்க்கிறார்? கொள்முதல் விலை, லாரி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, தரகு, சாக்கின் எடை, உலர்ந்து குறையும் எடை, கடனுக்குப் போய்த் திரும்பி வராமல் நிற்கும் பணம் ஆகிய அனைத்தையும் கூட்டிக் கழித்த பிறகே, கிலோவுக்கு இவ்வளவு நிற்கும் என்று சொல்வார். விற்றுமுதலை லாபம் என்று எந்த வியாபாரியும் சொல்லமாட்டார்.

அதே வியாபாரி, ஆயுள் முழுவதும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைப் போட்டு ஒரு வாடகைக் கட்டடம் வாங்கும்போது மட்டும், "மாதம் அறுபத்தாறாயிரம் வாடகை வருகிறது" என்ற ஒரே சொல்லை நம்பி முன்பணம் கொடுத்துவிடுகிறார். மிளகாய் மூடைக்குப் போட்ட கணக்கைக் கட்டடத்துக்குப் போடுவதில்லை.

நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலை, குளச்சல், திங்கள்சந்தை என்று நமது மாவட்டத்தின் கடைத்தெருக்கள் எங்கும் வணிகர்கள் கட்டடங்களில் பணம் போடுகிறார்கள். பிள்ளைகள் படித்து வெளியூரும் வெளிநாடும் போய்விட்டார்கள். கடையை ஏற்று நடத்த ஆள் இல்லை. வயதான காலத்தில் வாடகை வந்தால் போதும் என்ற எண்ணம். இந்த எண்ணத்தில் தவறில்லை. கடையில் புரள வேண்டிய பணம் கட்டடத்தில் போய் முடங்கி, அதற்கு வாங்கிய கடனுக்குக் கடையின் கல்லாவிலிருந்தே தவணை கட்ட வேண்டிய நிலை வந்தால்தான் முதலுக்கே மோசம். அந்த நிலை வருமா வராதா என்பதை வாங்குமுன்பே சொல்லிவிடும் ஒரு கணக்கு இருக்கிறது.

நிகர வாடகை வருமானம் என்பது என்ன?

வங்கி அதிகாரிகளும் சொத்து மதிப்பீட்டாளர்களும் இதனை 'நெட் ஆப்பரேட்டிங் இன்கம்' என்பார்கள். நாம் 'நிகர வாடகை வருமானம்' என்று வைத்துக்கொள்வோம். கட்டடத்திலிருந்து ஓராண்டில் உண்மையாகக் கைக்கு வரும் தொகையிலிருந்து, அக்கட்டடத்தை வாடகைக்கு விடத்தக்க நிலையில் வைத்திருக்க ஆகும் செலவுகளைக் கழித்தால் நிற்பதே இது. வங்கிக் கடனின் தவணையும் உரிமையாளரின் வருமான வரியும் இக்கணக்கில் சேரா. அதற்கான காரணத்தைப் பின்னர் பார்ப்போம்.

மொத்த வாடகை வேறு, நிகர வருமானம் வேறு என்பதைப் பழைய சட்டமே ஒப்புக்கொண்டிருந்தது. 1960-ஆம் ஆண்டு தமிழ்நாடு கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டத்தில் நியாய வாடகை நிர்ணயிக்க ஒரு வாய்பாடு இருந்தது. கட்டடமும் மனையும் சேர்ந்த மொத்த மதிப்பில், குடியிருப்புக்கு ஆண்டுக்கு 9 சதவீதமும் வணிகக் கட்டடத்துக்கு 12 சதவீதமும் வாடகையாகக் கணக்கிடப்பட்டன. அந்தச் சதவீதங்களை 'மொத்த வரவு' என்றுதான் சட்டம் குறிப்பிட்டது. வரியும் பழுதும் போக உரிமையாளருக்கு நிற்பது அதைவிடக் குறைவு என்பது அதிலேயே அடக்கம். அந்தச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் விலக்கப்பட்டு, 2017-ஆம் ஆண்டின் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. இப்போது வாடகை, இரு தரப்பும் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தப்படியே. எனவே கணக்குப் பார்க்கும் பொறுப்பு முழுவதும் நம்மிடமே வந்துவிட்டது.

ஒரு மாதிரிக் கணக்கு

விளக்கத்துக்காக ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். தொகைகள் எல்லாம் உதாரணத்துக்கே. அவரவர் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும். கீழ்த்தளத்தில் நான்கு கடைகள், கடை ஒன்றுக்கு மாத வாடகை ரூ. 12,000. மாடியில் இரண்டு வீடுகள், வீடு ஒன்றுக்கு ரூ. 9,000. மாதம் ரூ. 66,000, ஆண்டுக்கு ரூ. 7,92,000. கேட்கும் விலை ரூ. 1,20,00,000.

"ஒரு கோடியே இருபது லட்சத்துக்கு ஆண்டுக்கு ஏழு லட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரம், நூற்றுக்கு ஆறே முக்கால் வட்டிக்குக் கொஞ்சம்தான் குறைவு" என்று தரகர் சொல்வார். கணக்குப்படி அது 6.6 சதவீதம். இனி நமது கணக்கைத் தொடங்குவோம்.

முதல் படி: வராத வாடகையைக் கழித்தல்

பன்னிரண்டு மாதமும் எல்லாக் கடையும் நிறைந்திருக்கும் என்று எண்ணுவது, வாங்கிய சரக்கெல்லாம் ஒரு பிடி சிந்தாமல் விற்றுவிடும் என்று எண்ணுவது போலாகும். ஒருவர் காலி செய்து அடுத்தவர் வருவதற்குள் ஓரிரு மாதம் போகும். கன்னியாகுமரியில் கடற்கரையை ஒட்டிய கடைகள் ஐயப்ப பக்தர்கள் வரும் காலத்தையும் கோடை விடுமுறையையும் நம்பியிருப்பவை. மற்ற மாதங்களில் அங்கே வாடகை இழுபறியாகவே வரும். 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தபோது கடையைத் திறக்கவே முடியாதவர்களிடம் வாடகை கேட்க எந்த உரிமையாளருக்கும் வாய் வரவில்லை. மார்த்தாண்டத்திலும் பார்வதிபுரத்திலும் மேம்பால வேலை நடந்த காலத்தை அந்தப் பகுதி வியாபாரிகள் மறந்திருக்க மாட்டார்கள். பாலங்கள் 2018-ல் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டன. அதுவரை சாலையோரக் கடைகளுக்கு வாடிக்கையாளர் வந்து சேருவதே பாடாக இருந்தது.

நமது உதாரணத்தில் ஒரு கடை இரண்டு மாதம் காலி (ரூ. 24,000), ஒரு வீடு ஒரு மாதம் காலி (ரூ. 9,000), ஒரு கடையில் ஒரு மாத வாடகை வசூலாகவில்லை (ரூ. 12,000) என்று கொள்வோம். கழிவு ரூ. 45,000. விளம்பரப் பலகைக்கு மாதம் ரூ. 1,000 வருவதாகக் கொண்டால் ரூ. 12,000 கூடும். உண்மையாகக் கைக்கு வருவது ரூ. 7,59,000.

இங்கே இரண்டு எச்சரிக்கை. கடைக்காரர் கொடுத்த முன்பணம் வருமானம் ஆகாது. அவர் காலி செய்யும் நாளில் திருப்பித் தர வேண்டிய கடன் அது. கட்டடம் கைமாறும்போது அந்தக் கடனும் வாங்குபவர் தலையில்தான் வரும். ஆகவே விலையிலிருந்து அத்தொகையைக் கழித்துக்கொள்ள வேண்டும். அடுத்து, நமது பக்கத்தில் வீட்டை ஒற்றிக்கு விடும் வழக்கம் உண்டு. ரூ. 8,00,000 ஒற்றித் தொகை வாங்கி வாடகை இல்லாமல் விட்டிருந்தால், அப்பணத்துக்கு 7 சதவீத வட்டி என்று வைத்து ஆண்டுக்கு ரூ. 56,000 வாடகைக்குச் சமம் என்று எழுதிக்கொள்ளலாம். எட்டு லட்சத்தையும் வரவில் எழுதுவது தவறு.

இரண்டாம் படி: நடைமுறைச் செலவுகள்

ஓராண்டுக்கான செலவு கீழ்க்கண்டவாறு:

சொத்துவரி, குடிநீர், குப்பை வகை: ரூ. 42,000
காப்பீடு: ரூ. 9,000
மோட்டார், மாடிப்படி விளக்கு மின்கட்டணம்: ரூ. 14,400
துப்புரவு, காவல்: ரூ. 30,000
பழுதுவேலைகள்: ரூ. 48,000
வெள்ளையடிப்பு, பெயிண்ட் (ஐந்தாண்டுக்கு ஒருமுறை ரூ. 1,50,000, ஆண்டுக்கு): ரூ. 30,000
வசூல், மேற்பார்வை: ரூ. 36,000
தரகு, ஒப்பந்தப் பதிவு, கணக்கர் கட்டணம்: ரூ. 12,600
மொத்தம்: ரூ. 2,22,000

இவற்றுள் சிலவற்றை விளக்க வேண்டும். சொத்துவரி ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டுவது. 2022-ல் தமிழகம் முழுவதும் அது சீராய்வு செய்யப்பட்டு உயர்ந்தது. விற்பவர் காட்டும் ரசீது பழைய ஆண்டுடையதா, கடைசி அரையாண்டுடையதா என்று பார்க்க வேண்டும். மாடியை வீடாகக் காட்டி வரி கட்டிவிட்டு, அதில் அலுவலகமோ சரக்கறையோ நடப்பதாக இருந்தால், நாளைக்கு வரி திருத்தப்படும்போது சுமை வாங்கியவருக்கே.

பழுதுவேலைதான் நமது மாவட்டத்தில் எல்லோரும் குறைத்து எழுதும் இனம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் பெறும் மாவட்டம் இது. பயிருக்கு அது வரம். கட்டடத்துக்கு இரட்டிப்புச் செலவு. மொட்டை மாடியில் நீர் தேங்கி ஒழுகும். சுவரில் பாசி படரும். குளச்சல், முட்டம், கன்னியாகுமரி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று ஷட்டரையும் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியையும் அரிக்கும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது ஒரே இரவில் கூரைத் தகடுகளும் பெயர்ப் பலகைகளும் போன இடங்கள் எத்தனை! எனவே காப்பீடு வாங்கும்போது தீ விபத்தோடு புயல், வெள்ளச் சேதமும் அடங்குகிறதா என்று படித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

வசூல், மேற்பார்வைச் செலவை "நானே பார்த்துக்கொள்கிறேன், அதற்கு என்ன கூலி?" என்று பலர் எழுதுவதே இல்லை. இன்று நாம் பார்த்துக்கொள்கிறோம். நாளை நமக்கு முடியாதபோது, வெளியூரில் இருக்கும் மகன் ஒருவரை வைத்துத்தானே பார்க்க வேண்டும்? அந்தக் கூலியை இன்றே எழுதுவதுதான் நேர்மையான கணக்கு.

எந்தப் பழுது யாருடைய செலவு என்பதையும் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணைப்படி, வேறாக ஒப்புக்கொள்ளாதவரை, கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றம், மின்கம்பி மாற்றம் ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாசர் மாற்றுதல், சாக்கடை அடைப்பு நீக்குதல், சுவிட்சு, பூட்டு போன்ற சில்லறை வேலைகள் வாடகைதாரர் பொறுப்பு.

மூன்றாம் படி: விடை

கைக்கு வருவது ரூ. 7,59,000. செலவு ரூ. 2,22,000. நிகர வாடகை வருமானம் ரூ. 5,37,000.

இனி போட்ட முதலைப் பார்ப்போம். விலையோடு முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேரும். விலை முழுவதும் பத்திரத்தில் காட்டப்பட்டால் அது ரூ. 10,80,000. ஆக மொத்த முதல் ரூ. 1,30,80,000. இத்தொகைக்கு ரூ. 5,37,000 என்பது ஏறத்தாழ 4.1 சதவீதம். தரகர் சொன்ன 6.6 எங்கே, நமது 4.1 எங்கே!

"மனை விலை ஏறுமே" என்று கேட்கலாம். ஏறலாம். நாகர்கோவில் 2019-ல் மாநகராட்சியாக உயர்ந்த ஊர். நல்ல இடத்து மனைக்கு மதிப்பு உண்டு. ஆனால் அது விற்கிற நாளில் கிடைக்கும் லாபம். மாதாமாதம் அரிசி வாங்க உதவாது. இரண்டையும் தனித்தனிப் பக்கத்தில் எழுத வேண்டும். வாடகையை நம்பி வாங்குகிறவர் வாடகைப் பக்கத்தையே பார்க்க வேண்டும்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் எவ்வளவு விலை கொடுக்கலாம் என்பதும் தெரிந்துவிடும். 6 சதவீதமாவது நிற்க வேண்டும் என்று நினைப்பவர், ரூ. 5,37,000-ஐ 6-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் ரூ. 89,50,000 வரும். பதிவுச் செலவையும் சேர்த்து அவர் போடத்தக்க முதல் அவ்வளவே. அதாவது பத்திர விலை ஏறத்தாழ ரூ. 82,00,000. பேரம் பேச உட்காரும்போது கையில் இந்த எண் இருந்தால் பேச்சில் உறுதி இருக்கும்.

கடனும் வரியும் ஏன் சேரவில்லை?

ஒரே கட்டடத்தை ஒருவர் ரொக்கத்துக்கும் மற்றொருவர் கடனுக்கும் வாங்கலாம். ஒருவருக்கு வருமான வரியே இல்லாமல் இருக்கலாம். மற்றவர் 30 சதவீத வரிப்படியில் இருக்கலாம். அவை ஆளைப் பொறுத்தவை. கட்டடம் என்ன சம்பாதிக்கிறது என்பது யார் வாங்கினாலும் ஒன்றே. முதலில் கட்டடத்தை எடை போட்டுவிட்டு, பிறகுதான் நமது சக்தியை எடை போட வேண்டும்.

இப்போது கடனைப் பார்ப்போம். நமது உதாரணத்தில் வாங்குபவர் வங்கியில் ரூ. 40,00,000 கடன், 10 சதவீத வட்டி, 15 ஆண்டுத் தவணை என்று எடுத்தால் மாதத் தவணை ஏறத்தாழ ரூ. 43,000, ஆண்டுக்கு ரூ. 5,16,000. "மாதம் 66,000 வருகிறது, 43,000 கட்டினால் 23,000 மிச்சம்" என்பது வாய்க்கணக்கு. நிகர வருமானத்தை வைத்துப் பார்த்தால் ஆண்டு முழுவதற்கும் மிச்சம் ரூ. 21,000 மட்டுமே. அந்த ஆண்டில் இன்னொரு கடை மூன்று மாதம் காலியானால் ரூ. 36,000 குறையும், தவணைக்கே ரூ. 15,000 துண்டு விழும். அதை மளிகைக்கடைக் கல்லாவிலிருந்து எடுக்க வேண்டும். ஓணம், தீபாவளிச் சரக்கு எடுக்க வேண்டிய நேரத்தில் கையில் பணம் இராது, மொத்த வியாபாரியிடம் கடன் நீளும், நாணயம் கெடும். நன்றாக நடந்த கடையும் இப்படித்தான் தள்ளாடத் தொடங்கும்.

நிகர வருமானம் தவணையைப் போல் ஒன்றேகால் மடங்காவது இருப்பது பாதுகாப்பு. இக்கட்டடத்துக்கு அந்தக் கணக்கில் ஆண்டுத் தவணை ரூ. 4,29,600-ஐத் தாண்டலாகாது. மேற்சொன்ன வட்டிக்கும் காலத்துக்கும் ஏறத்தாழ ரூ. 33,00,000 கடனோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

வருமான வரியைப் பொறுத்தவரை, உரிமையாளர் கட்டிய சொத்துவரி போக எஞ்சிய வாடகையில் 30 சதவீதத்தைச் சட்டமே கழித்துக்கொள்ள அனுமதிக்கிறது. கடன் வட்டிக்கும் கழிவு உண்டு. உண்மையில் செலவு 20 சதவீதம் ஆனாலும் 40 சதவீதம் ஆனாலும் கிடைப்பது அதே 30 சதவீதம்தான். 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்திலும் இந்த முறை தொடர்கிறது. வரிப்படிவத்தில் வரும் எண்ணை நமது நிகர வருமானம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஜி.எஸ்.டி. பற்றியும் ஒரு சொல். பதிவு பெறாத உரிமையாளரிடமிருந்து வணிகக் கட்டடத்தை வாடகைக்கு எடுத்த, பதிவு பெற்ற வணிகர், 2024 அக்டோபர் 10 முதல் வாடகைக்கு 18 சதவீத வரியைத் தாமே செலுத்த வேண்டும். காம்பொசிஷன் திட்டத்தில் உள்ள சிறு வணிகர்களுக்கு 2025 ஜனவரி 16 முதல் இதிலிருந்து விலக்கு உண்டு. பொதுமுறையில் உள்ளவர்கள் கட்டிய வரியை, விதிகளுக்கு உட்பட்டு, உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். எப்படியாயினும் அது அரசின் பணம். உரிமையாளரின் வரவில் எழுதக் கூடாது.

சொந்தக் கட்டடத்தில் கடை நடத்துவோருக்கு

"எனக்கு வாடகை இல்லை, சொந்தக் கட்டடம்" என்று பெருமையாகச் சொல்லும் அன்பர்கள் நம்மில் ஏராளம். அவர்களும் ஒருமுறை இக்கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். கடையில் மாதம் ரூ. 35,000 நிற்கிறது என்று கொள்வோம். அதே இடத்தை வெளியாருக்கு விட்டால் ரூ. 12,000 வாடகை வரும் என்றால், வியாபாரத்தில் உண்மையாக நிற்பது ரூ. 23,000 மட்டுமே. மீதி கட்டடம் சம்பாதித்துக் கொடுத்தது. பேரேட்டில் மாதாமாதம் கடைப் பற்றில் வாடகை என்று ஒரு தொகையை எழுதிவந்தால், வியாபாரம் வளர்கிறதா, கட்டடத்தின் தோளில் ஏறி நிற்கிறதா என்பது வெளிப்பட்டுவிடும். சகோதரர்கள் பாகம் பிரிக்கும் காலத்தில் இந்த எண் பல மனத்தாங்கல்களைத் தவிர்க்கும்.

வாடகைக்கு இருப்போருக்கு

நமது உறுப்பினர்களில் உரிமையாளரைவிட வாடகைதாரர்களே அதிகம். அவர்களுக்கும் இக்கணக்கு ஆயுதம். உரிமையாளர் வாடகையை உயர்த்தக் கேட்கும்போது, ஒருவர் காலி செய்தால் அவருக்கு எத்தனை மாத வாடகை போகும், தரகும் பெயிண்டும் எவ்வளவு ஆகும் என்று எடுத்துச் சொல்லலாம். நமது உதாரணத்தில் ஒரு கடை இரண்டு மாதம் காலியானால் ரூ. 24,000 நட்டம். வாடகையை மாதம் ரூ. 1,000 கூட்டிக் கிடைக்கும் ஆதாயம், அந்த நட்டத்தை ஈடுசெய்ய முழுதாக இரண்டு ஆண்டு ஆகும். ஒழுங்காகத் தேதிக்கு வாடகை தரும் கடைக்காரரை வைத்துக்கொள்வது உரிமையாளருக்கும் லாபமே. அதுபோலவே, சொத்துவரி உயர்ந்திருக்கிறது, தளம் பழுது பார்க்கப்பட்டிருக்கிறது என்று ரசீதோடு உரிமையாளர் காட்டினால், நியாயமான உயர்வை மறுப்பது வாடகைதாரருக்கும் அழகல்ல.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

1. கடைசி இரண்டு ஆண்டுச் சொத்துவரி ரசீதுகள். பாக்கி இல்லை என்பதற்கு ஆதாரம்.
2. ஒவ்வொரு வாடகைதாரரின் எழுத்து ஒப்பந்தம். அது வாடகை அதிகாரியிடம் பதிவாகியுள்ளதா என்ற விவரம்.
3. ஒவ்வொருவரும் கொடுத்துள்ள முன்பணம், ஒற்றித் தொகை.
4. கடந்த மூன்று ஆண்டில் எந்தக் கடை, எத்தனை மாதம் காலியாக இருந்தது என்ற விவரம். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களிடம் விசாரித்தால் உண்மை தெரியும்.
5. மின் இணைப்புகள் யார் பெயரில் உள்ளன. கட்டணப் பாக்கி உண்டா?
6. நல்ல மழை பெய்த மறுநாள் மொட்டை மாடியையும் மாடி வீட்டு மேற்கூரையையும் நேரில் பார்த்தல். கூடவே அனுபவமுள்ள ஒரு கொத்தனாரை அழைத்துச் செல்வது நல்லது.

இந்த ஆறுக்கும் விடை கிடைத்துவிட்டால், ஒரு தாளில் அரைமணி நேரத்தில் நிகர வாடகை வருமானத்தைப் போட்டுவிடலாம். தளத்தைப் புதிதாகப் போடுவது, கழிவுநீர்த் தொட்டியை மாற்றுவது போன்ற பெரும் வேலைகளுக்கு இதற்கு மேலும் ஆண்டுதோறும் ஒரு தொகையைத் தனிக் கணக்கில் ஒதுக்கி வருவது அறிவுடைமை. கட்டடம் வாங்கியவர்களும் ஆண்டுக்கு ஒருமுறை, மார்ச் மாதம் ஐந்தொகை எடுக்கும்போது, கட்டடத்துக்கென்று பேரேட்டில் ஒரு பக்கம் திறந்து இதே கணக்கை எழுதிவர வேண்டும். மூன்று ஆண்டுக் கணக்கு சேர்ந்துவிட்டால், வாடகையைக் கூட்டுவதா, பழுது பார்ப்பதா, விற்றுவிடுவதா என்ற கேள்விகளுக்கெல்லாம் அந்தப் பக்கமே பதில் சொல்லும்.